பளபளப்பான வீடும் பத்திரமான வீடும்

ஒரு வீடு சுத்தமாக இருக்கிறதா என்பதை நாம் கண்ணாலும் மூக்காலும்தான் முடிவு செய்கிறோம். தரை மின்ன வேண்டும், உள்ளே நுழைந்ததும் ஏதாவது வாசனை கமகமவென்று வர வேண்டும். அது போதும், "எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க பாரு" என்று சான்றிதழ் கொடுத்துவிடுவோம். எனக்கு இந்தச் சான்றிதழ் மேல் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. வீட்டுக்குள் இருந்தபடியே உடம்பைக் கெடுக்கிற விஷயங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தால், அவற்றில் மோசமானவை பெரும்பாலும் கண்ணுக்கும் சிக்காது, மூக்குக்கும் சிக்காது என்பது புரியும். அது போதாதென்று, கண்ணையும் மூக்கையும் திருப்திப்படுத்த நாம் செய்கிற வேலைகளே பல சமயம் புது ஆபத்தை இழுத்து வந்து விடுகின்றன.

கார்பன் மோனாக்சைடிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவற்றில் பலவும் வருடக்கணக்கில் மெதுவாகக் கெடுக்கும், இது ஒரே இரவில் முடித்துவிடும். போதிய ஆக்சிஜன் இல்லாமல் எது எரிந்தாலும், எரிவாயுவோ கரியோ விறகோ பெட்ரோலோ, இந்த வாயு உண்டாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. கேஸ் கசிந்தால் நாற்றம் வருகிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்த நாற்றம் எரிவாயுவுக்குச் சொந்தமானது இல்லை, கசிந்தால் தெரியட்டும் என்று கந்தகச் சேர்மம் ஒன்றை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறார்கள். எரிந்து முடிந்தபின் அதுவும் இருக்காது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து போகிற ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடைக் கண்டால் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் மூச்சு வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டியது போய்ச் சேராது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், காரணமில்லாத அசதி. இவைதான் ஆரம்ப அறிகுறிகள், அதாவது எந்த நோய்க்கும் பொருந்துகிற அறிகுறிகள். அதனால்தான் பலர் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள், அதே அறையில். கவனிக்க வேண்டியது வேறு: வீட்டில் ஒருவருக்கு மட்டும் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வருகிறதா, வெளியே போனால் சரியாகி வீட்டுக்கு வந்ததும் திரும்ப வருகிறதா, காய்ச்சல் மட்டும் இல்லையா? அப்படியானால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். விரலில் மாட்டிப் பார்க்கிற ஆக்சிமீட்டர் இப்போது பல வீடுகளில் கிடக்கிறது, இந்த விஷயத்தில் மட்டும் அதை நம்பிவிடாதீர்கள். சாதாரண ஆக்சிமீட்டர் ரத்தத்தின் வழியாக ஒளியைச் செலுத்தி நிறத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடைப் பிடித்த ஹீமோகுளோபினும் அதற்கு ஆக்சிஜனைப் பிடித்தது மாதிரியே தெரியும். ஆள் மயங்குகிற நிலையில்கூட அது 98 என்று தெம்பாகக் காட்டலாம்.

எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பட்டியல் சின்னதுதான். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசர், குளிருக்காக அறைக்குள் வைத்த கரித்தணல், பறவை கூடு கட்டியோ புகைக்கரி படிந்தோ அடைத்துப்போன புகைபோக்கி, மின்சாரம் போனபோது வராந்தாவிலோ கார் நிறுத்துமிடத்திலோ ஓடவிட்ட ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. போதாது. அது முழுக்க வெளியே, கதவு ஜன்னல்களைவிட்டுத் தள்ளித்தான் நிற்க வேண்டும். எரிகிற சாமான் எது வீட்டுக்குள் இருந்தாலும் படுக்கையறைப் பக்கம் ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருப்பது நல்லது, புகையைக் கண்டுபிடிக்கிற கருவி இந்த வேலையைச் செய்யாது, அது வேறு இது வேறு. இன்னொன்று, இந்தக் கருவிகளின் உள்ளே இருக்கிற உணரிக்கு ஆயுள் உண்டு, மாதிரியைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டுகள். பின்பக்கம் தேதி போட்டிருக்கும், யாரும் பார்ப்பதில்லை. பொத்தானை அமுக்கினால் அலறுகிறது என்பதற்காக அது வாயுவை உணர்கிறது என்று அர்த்தமில்லை. நிஜமாகவே அலறினால் எங்கிருந்து வருகிறது என்று துப்பறிய நிற்காதீர்கள், எல்லோரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டு அப்புறம் உதவிக்குக் கூப்பிடலாம்.

வாசனையில்லாத இன்னொரு வாயு ரேடான், இது கதிர்வீச்சை வெளியிடும். மண்ணிலும் பாறையிலும் இருக்கிற யுரேனியம் சிதையும்போது உண்டாகி, தரை விரிசல் வழியாகவும் குழாய் நுழையும் ஓட்டைகள் வழியாகவும் வீட்டுக்குள் ஏறுகிறது. இதை உலகம் கவனித்த கதை சுவாரசியமானது. 1984இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிமரிக் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் உள்ளே போகும்போதே கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. அந்த நிலையம் அப்போது இயங்கவே தொடங்கவில்லை! தேடிப் பார்த்தால் கதிர்வீச்சு வந்தது அவருடைய வீட்டிலிருந்து. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணங்களில் ஒன்றாக ரேடானைச் சொல்கிறார்கள், கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற வரம்பு. பக்கத்துப் பக்கத்து வீடுகளிலேயே அளவு மாறும் என்பதால் அளந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. கருங்கல் நிலம், தரைத்தளம் அல்லது நிலவறை, எப்போதும் மூடியே கிடக்கிற வீடு என்றால் அளப்பது அவசியம். ஜன்னல் திறந்தே கிடக்கிற மேல்மாடிக்காரர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, காற்று சரியில்லை என்று தெரிந்ததும் முதலில் என்ன செய்கிறோம்? ஒரு மெஷின் வாங்குகிறோம். எனக்கு இதில்தான் கடுப்பு. காற்றுச் சுத்திகரிப்புக் கருவியில் இருக்கிற ஹெப்பா வடிகட்டி நுண்துகள்களை நன்றாகவே பிடிக்கும், அதில் சந்தேகமில்லை, ஆனால் கார்பன் மோனாக்சைடையோ ரேடானையோ அது தொடக்கூடத் தொடாது. ஓசோனை உண்டாக்கிக் காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகள் இன்னும் மோசம், ஓசோனே நுரையீரலை எரிச்சலூட்டுகிற வாயு. அடுத்து, தொட்டிச்செடி. 1989இல் நாசா செய்த ஆய்வைக் காட்டி இன்றுவரை செடி விற்கிறார்கள். அந்த ஆய்வு நடந்தது காற்றுப் புகாத சின்னப் பெட்டிகளுக்குள். அந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2019இல் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், ஒரு கட்டிடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள்வரை தேவைப்படும் என்றார்கள். அழகுக்காகச் செடி வளருங்கள், நானும் வளர்க்கிறேன். நுரையீரலுக்கு ஜன்னலைத் திறங்கள்.

வரிசை இப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி: முதலில் ஆபத்து கிளம்புகிற இடத்தையே இல்லாமல் செய்வது, முடியாவிட்டால் மூடி அடைத்து வைப்பது, அப்புறம் வெளியேற்றுவது, கடைசியாகத்தான் மெஷின். உதாரணத்துக்கு நுண்துகளை எடுத்துக்கொள்வோம். வெளியே போகிற வாகனப் புகையைத் திட்டிக்கொண்டே, மூடிய அறைக்குள் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்துகிறோம். ஒரு சுருள் எரிந்து முடிப்பதற்குள் வெளியிடுகிற நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுகிற அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. இதற்கு வடிகட்டி வாங்குவதா, சுருளை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வலையடித்துக் கொசுவலை கட்டுவதா? பொரிப்பது, வறுப்பது எல்லாமே துகள் கிளப்பும், அடுப்பு எரியும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுவது ஒரு காசு செலவில்லாத வேலை. அறைமணமூட்டி இன்னொரு வேடிக்கை. நாற்றத்தின் காரணம் அப்படியே இருக்கும், அதன் மேல் வாசனையை ஊற்றுகிறோம். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைகளில் இருக்கிற லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவை உண்டாக்கும். புது பிளைவுட் அலமாரியைத் திறந்தால் கண்ணில் நீர் வரவைக்கிறதே, அந்தப் பசையிலிருந்து வருவதும் இதே ஃபார்மால்டிஹைடுதான். புது மரச்சாமான் வந்தால் அதை உடனே படுக்கையறையில் வைத்து மூடாமல், காற்றாடும் இடத்தில் சில வாரம் திறந்து போட்டு வைக்கலாம்.

இப்போது சுத்தம் செய்கிற ஆர்வத்துக்கு வருகிறேன். ஒரு திரவம் கறையை எடுக்கும் என்றால் இரண்டைக் கலந்தால் இரண்டு மடங்கு எடுக்கும் என்று மனது சொல்லும். குளோரின் ப்ளீச்சோடு, ஆசிட் சேர்ந்த டாய்லெட் க்ளீனரைக் கலந்தால் குளோரின் வாயு வரும், முதல் உலகப்போரில், 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் (Ypres) போர்க்களத்தில் திறந்துவிட்ட அதே நச்சு வாயு. வினிகரோடு கலந்தாலும் அதேதான். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு கலந்தால் குளோராமைன் என்ற இன்னொரு நச்சு வாயு. இவை நடப்பது எங்கே? வீட்டிலேயே சின்ன, ஜன்னல் குட்டியான, கதவு சாத்திய இடத்தில், குனிந்து முகத்தைக் கிட்டத்தில் வைத்துத் தேய்க்கும்போது. ஒரு பொருள்தான் போட வேண்டும், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும், வேறு ஒன்று போட வேண்டுமென்றால் இன்னொரு நாள். தப்பித்தவறி கலந்து மூக்கைத் துளைத்தால், தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று உள்ளேயே நிற்காமல் கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுக்குள் எரிச்சலோ நிற்காவிட்டால் மருத்துவமனை. அப்புறம், எந்த ரசாயனத்தையும் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. லேபிள் ஒட்டினால் போதாதா என்றால், மூன்று வயதுக் குழந்தை லேபிளைப் படிக்குமா? மண்ணெண்ணெய் மாதிரி எதையாவது குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், திரும்ப மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். பழைய பெயிண்டில் காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்கா 1978இல் வீட்டுப் பெயிண்டில் அதைத் தடை செய்தது, பல நாடுகள் வெகு தாமதமாகத்தான் வரம்பு வைத்தன. சுவரில் ஒட்டிக்கொண்டு, உரியாமல், மேலே வேறு பூச்சோடு இருக்கிறவரை அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. "வீட்டை அழகாக்கலாம்" என்று நாம் முடிவெடுத்து, உப்புத்தாளை எடுத்துக் கதவையும் ஜன்னல் சட்டத்தையும் வறவறவென்று தேய்க்கிற அன்றுதான் வினை. காரீயம் கலந்த மெல்லிய தூசி வீடு முழுக்கப் படியும். தவழ்கிற குழந்தை தரையைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போகிற காரீயத்தில் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்குவரை அதிகமாகக் குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்கிறது. ரத்தத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தை துள்ளித்திரிந்துகொண்டே இருக்கும், காய்ச்சலோ வலியோ வராது, படிப்பிலும் கவனத்திலும்தான் பின்னால் தெரியும், அப்போதும் காரணம் பெயிண்ட் என்று யாருக்குத் தோன்றப்போகிறது?

செய்ய வேண்டியது கஷ்டமில்லை, கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்ப்பது, சூட்டுத்துப்பாக்கியால் (அனல்காற்றை ஊதும் ஹீட் கன்) எரித்து உரிக்காமல் இருப்பது, அந்த அறையைப் பிளாஸ்டிக் விரிப்பால் அடைப்பது, வேலை முடியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு இடத்துக்கு அனுப்புவது, பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது, வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவைப்பது. சந்தேகமிருந்தால் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். கல்நார் கூரைக்கும் இதே நியாயம்தான். உடையாத ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைச் சும்மா விட்டுவிட்டால் அது சும்மா இருக்கும், துளை போட்டால், அறுத்தால், கம்பித் துடைப்பத்தால் பாசியைத் தேய்த்தால் இழைகள் கிளம்பும். அதனால் வருகிற நோய் 20, 30, 40 ஆண்டு கழித்து வரும் என்பதால் அன்று துளை போட்டவருக்கு இது ஒரு ஆபத்தாகவே தெரியாது. உடைந்துபோனதை எடுக்க அதற்கான பயிற்சியும் முகக்கவசமும் உள்ளவர்களைத்தான் விட வேண்டும்.

ஓதம் ஏறிய சுவர் மேல் புது பெயிண்ட் அடிப்பதும் இந்த வகைதான். விருந்தாளி வருவதற்குள் சுவர் வெள்ளையாகிவிடும், ஒரு மழைக்காலம் போனால் அதே இடத்தில் அதே வரைபடம் திரும்பி வரும். பூஞ்சையைப் பற்றி ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும், அதற்கு வேண்டியது தண்ணீர். நனைந்த மெத்தை, அட்டைப்பெட்டி, மரப்பலகை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வராது. அதனால் கறையைத் துரத்தாமல் நீர் வருகிற வழியைத் தேடுங்கள்: சுவருக்குப் பின்னால் கசிகிற குழாய், மொட்டைமாடி விரிசல், குளியலறை டைல்ஸ் இடுக்கு, வெளிச்சுவரை ஒட்டிச் சாய்த்து வைத்த அலமாரி. அலமாரியை நாலு விரற்கடை முன்னே இழுத்து வைத்தாலே பாதி வீடுகளில் பின்சுவர் காய்ந்துவிடும். ஈரப்பதமானி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, நான் மெஷின்களுக்கு எதிரி என்றாலும் இதற்கு மட்டும் விதிவிலக்கு தருவேன். 60 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டே இருந்தால் படுக்கையறையில் துணி காயப்போடுவதை நிறுத்துவதிலிருந்து ஆரம்பிக்கலாம். ப்ளீச் தெளித்துக் கொன்றுவிட்டேன் என்பார்கள், செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும், துடைத்து அகற்ற வேண்டும். மெத்தைக்குள் போய்விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. சூடாக்கும் தொட்டியில் 20 முதல் 45 டிகிரி செல்சியஸ்வரை லெஜியோனெல்லா கிருமி பெருகும், அந்த நீரைக் குடித்து இல்லை, ஷவர் துளியாக மூச்சில் இழுத்துத்தான் நோய் வருகிறது. தொட்டியை 60 டிகிரியில் வைத்தால் அது பிழைக்காது, ஆனால் 60 டிகிரி நீர் நேராகத் தோலில் பட்டால் சில விநாடிகளில் வெந்துவிடும், அதனால் குழாயில் வரும்போது கலந்து தணிய வேண்டும். நீண்ட நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பினால் எல்லாக் குழாய்களையும் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, அந்த நேரம் ஜன்னலைத் திறந்து வைத்து நீங்கள் வெளியே நில்லுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் என் பயமெல்லாம் பட்டன் பேட்டரி மேல்தான். ரிமோட், பொம்மை, எடை பார்க்கும் கருவி, பாட்டுப் பாடுகிற வாழ்த்து அட்டை என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடி அங்கேயே காரத்தை உண்டாக்கி 2 மணி நேரத்துக்குள் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும், ஆகவே கழற்றிய கையோடு டேப் சுற்றி எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் போதும், காலைவரை பார்ப்போம் என்று காத்திருக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள இடத்துக்கு உடனே ஓடுங்கள். இதேபோல அந்துருண்டை. நாஃப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்துப் பச்சைக்குழந்தைக்குச் சுற்றினால், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை கண்டுவிடும். துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வாசனை முழுக்கப் போனபின் போடலாம். பச்சைக்குழந்தை வரப்போகிற வீடு என்றால் உருண்டையே வேண்டாம்.

மின்சாரத்துக்கு ஒரே ஒரு வேலை: மெயின் பெட்டியில் கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கிற சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள். டப்பென்று விழவில்லையென்றால் அது பெட்டியில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கடைசியாக, யாரும் ஆபத்து என்று பட்டியலில் சேர்க்காத ஒன்று. விழுவது. உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் சாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது, அதிகம் பாதிக்கப்படுவது 60 வயதைத் தாண்டியவர்கள். பளபளப்புக்காகத் தேர்ந்தெடுத்த டைல்ஸ், நழுவுகிற மிதியடி, நடக்கிற வழியில் கிடக்கிற ஒயர், இரவில் சுவிட்ச் தேடி இருட்டில் நடக்கிற பத்தடி. கூடவே கண்ணாடியின் பவர் மாறியிருப்பதும், தலைசுற்ற வைக்கிற மாத்திரையும். குளியலறையில் கைப்பிடி மாட்டலாம் என்று சொன்னாலே பெரியவர்களுக்குக் கோபம் வரும், எங்கள் வீட்டிலும் "நான் என்ன நோயாளியா?" என்றுதான் பதில் வந்தது. அதற்காக வாதம் செய்வதில் பயனில்லை, குடும்பத்தில் எல்லோரும் பிடித்துக்கொள்ளத்தான் என்று சொல்லி மாட்டிவிடலாம், நாமும் உண்மையிலேயே பிடித்துக்கொள்வோம். மாட்டும்போது டைல்ஸைத் தாண்டிச் சுவருக்குள் திருகாணி ஆழமாக இறங்க வேண்டும், மாட்டியவரையே உடம்பின் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏனென்றால் கால் வழுக்குகிற அந்த ஒரு நொடியில் கை தேடிப் பிடிப்பது பக்கத்தில் இருக்கிற துண்டு போடும் கம்பியைத்தான், அது துண்டின் எடையைத் தவிர வேறெதையும் தாங்காது.